நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தால்: முதல் ஆறு மாதங்கள்

எங்கள் வீட்டுக்கு முதல் நாய்க்குட்டி வந்தபோது நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் ஆளுக்கொரு விதமாக அதனிடம் நடந்துகொண்டோம். அப்பா சோபாவில் ஏற்றி மடியில் வைத்துக்கொள்வார், அம்மா பார்த்ததும் இறக்கிவிடுவார். நான் "உட்கார்" என்பேன், தங்கை "சிட்" என்பாள், தம்பி விரலை மட்டும் ஆட்டுவான். மேசைக்கு அடியில் யாரோ சாப்பாட்டுத் துண்டு போட்டுக்கொண்டே இருந்தார்கள். அது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாதம் போனதும், "இது சொன்ன பேச்சே கேட்காத நாய்" என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதினோம். பாவம், அது எங்கள் எல்லோர் பேச்சையும் கேட்டதுதான் பிரச்சினையே.

அதற்குப் பிறகு மூன்று குட்டிகளை வளர்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் தப்பு கொஞ்சம் குறைந்தது. முதல்முறை வளர்க்கப் போகிறவர்களுக்கு, எது எப்போது வரும் என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

குட்டி வருவதற்கு முன்

முதல் பாடம் குட்டிக்கு இல்லை, வீட்டு மனிதர்களுக்கு. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். கட்டிலில் ஏறலாமா? எந்த அறைக்குள் வரலாம்? சாப்பிடும்போது தட்டிலிருந்து கொடுப்பதுண்டா? எதற்கு என்ன சொல்? "வா", "உட்கார்", "விடு", "வேண்டாம்" என்று நான்கு சொற்கள் போதும். அவற்றை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். தமிழில் சொல்வதா ஆங்கிலத்தில் சொல்வதா என்பது குட்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் சரி.

விடியற்காலையில் யார் எழுந்து வெளியே கொண்டுபோவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிள்ளைகள் "எல்லாம் நானே பார்த்துக்கிறேன்" என்று சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியம் இரண்டு வாரம் தாங்கும். நாய் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. பொறுப்பு பெரியவர் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்கி வராதீர்கள். "தானாகவே சாப்பிடுகிறது, கொண்டுபோங்கள்" என்று ஐந்து வாரத்திலேயே தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கடித்து, கடி வாங்கி, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான். அங்கே கற்காததை உங்கள் கையில்தான் கற்கும். முடிந்தால் தாய் நாயையும் பாருங்கள். அது ஆட்களைக் கண்டு ஒடுங்கினாலோ சீறினாலோ யோசிக்க வேண்டிய விஷயம்.

வீட்டைத் தயார் செய்ய ஒரு சுலபமான வழி: தரையில் மண்டியிட்டு, குட்டியின் கண் மட்டத்தில் எல்லா அறைகளையும் சுற்றி வாருங்கள். சார்ஜர் வயர், செருப்பு, கீழ்த்தட்டு மாத்திரைகள், எலி மருந்து, தரை துடைக்கும் திரவம், மூடியில்லாத குப்பைத் தொட்டி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். வாங்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டு கிண்ணங்கள், மென்மையான கழுத்துப்பட்டை, நடத்திப்போக ஒரு கயிறு, கடிக்க இரண்டு மூன்று ரப்பர் பொம்மைகள், படுக்க ஒரு கூண்டோ பெட்டியோ. அழகான மெத்தையை இப்போது வாங்காதீர்கள், பஞ்சு பஞ்சாகப் போகும்.

முதல் நாளும் முதல் இரவும்

காலையில் கூட்டி வந்தால், இருட்டுவதற்குள் வீடு கொஞ்சம் பழகும். வந்ததும் உள்ளே போகாமல், மூத்திரம் பெய்வதற்கென்று நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்கு முதலில் கொண்டுபோங்கள். பெய்துவிட்டால் பாராட்டிவிட்டு அப்புறம் உள்ளே. உறவினர், அக்கம்பக்கத்தார் எல்லோரும் அன்றே வந்து பார்க்க ஆசைப்படுவார்கள். ஓரிரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

இரவில் அழும். கட்டாயம் அழும். பிறந்ததிலிருந்து உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்கிய உயிர் முதல்முறையாகத் தனியாகப் படுக்கிறது. "அழ விடுங்கள், தானாக அடங்கும்" என்று எங்களுக்கும் சொன்னார்கள். சமையலறையில் அடைத்துவிட்டுக் கதவை மூடினோம். அது விடிய விடிய அழுதது, நாங்களும் தூங்கவில்லை. அதன்பிறகு பல மாதங்களுக்கு மூடிய கதவைக் கண்டாலே பிறாண்டியது. அடுத்த குட்டியின் பெட்டியை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். முனகும்போது கையைத் தொங்கவிட்டால் மோந்துவிட்டுத் தூங்கிவிடும். நாலைந்து நாளில் அடங்கியது. பிறகு பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அது படுக்க வேண்டிய இடத்துக்கே கொண்டுபோய்விட்டேன்.

கூண்டு வைப்பதானால், குட்டி நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் போதுமான அளவு இருக்கட்டும். மிகப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் தூங்கி இன்னொரு மூலையில் பெய்துவிடும். சாப்பாட்டை உள்ளே வைத்துக் கதவைத் திறந்தே வைத்துப் பழக்குங்கள். தண்டனையாக ஒருபோதும் உள்ளே தள்ளாதீர்கள்.

நடு இரவில் ஒருமுறையாவது வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கும். விளக்கு, கொஞ்சல், விளையாட்டு எதுவும் வேண்டாம். போய், பெய்ததும், திரும்பிப் படுக்கை. நடு இரவு விளையாட்டு நேரம் என்று ஒருமுறை புரிந்துகொண்டால் அதை மறக்கடிப்பது கஷ்டம்.

மூத்திரப் பாடம்

எல்லோருக்கும் பொறுமை போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. அதன் வயது எத்தனை மாதமோ அத்துடன் ஒன்றைக் கூட்டினால் வருவது மணி. இரண்டு மாதக் குட்டி அதிகபட்சம் மூன்று மணி நேரம். இது தூங்கும்போதும் சும்மா கிடக்கும்போதும்தான். விழித்து விளையாடும் நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை போனாலும் ஆச்சரியமில்லை.

எப்போது கொண்டுபோவது? தூங்கி எழுந்தவுடன். சாப்பிட்டு ஐந்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள். ஓடி விளையாடி முடித்ததும். விளையாட்டை விட்டுவிட்டுத் தரையை மோந்தபடி வட்டமடிக்க ஆரம்பித்தால் அப்போதே, அந்த நொடியே. எப்போதும் ஒரே இடம், ஒரே வழி, ஒரே சொல். அங்கே போய்ப் பேசாமல் நில்லுங்கள். பெய்து முடித்ததும் அங்கேயே, ஓரிரு நொடிக்குள் பாராட்டித் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்கு என்றுதான் அது கணக்கு வைத்துக்கொள்ளும். இன்னொன்று, பெய்த உடனே உள்ளே இழுத்து வந்துவிடாதீர்கள். பெய்தால் வெளியே இருக்கும் சுகம் போய்விடும் என்று தெரிந்தால் கெட்டிக்காரக் குட்டி அடக்கிக்கொண்டு நேரம் கடத்தும்.

வீட்டுக்குள் பெய்துவிட்டால்? நீங்கள் பார்க்கும்போதே என்றால், பதறாமல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். பிறகு பார்த்தால், வாயை மூடிக்கொண்டு துடையுங்கள். மூக்கை அதில் தேய்ப்பது, திட்டுவது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது எல்லாம் பழைய பழக்கம். நானும் ஒருமுறை மூக்கைத் தேய்த்தேன். வீட்டில் பெய்யக் கூடாது என்று அது கற்கவில்லை. என் எதிரில் பெய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால் போய்ப் பெய்தது. வெளியே கூட்டிப்போனாலும் என்னைப் பார்த்துக்கொண்டே அடக்கியது. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. அம்மோனியா கலந்த திரவம் மூத்திர வாசனை போலவே இருப்பதால் அங்கேயே திரும்ப வரும். செல்லப்பிராணிகளுக்கென்று விற்கும் என்சைம் திரவம்தான் வாசனையை அடியோடு எடுக்கும். செய்தித்தாளில் பழக்கலாமா என்று கேட்பார்கள். மாடி வீட்டில் வேறு வழியில்லாவிட்டால் பழக்கலாம். ஆனால் தரையில் கிடக்கும் எந்தச் செய்தித்தாளும் அதற்கு ஒன்றுதான், அன்றைய தாள் உட்பட.

நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சில குட்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்.

ஊசியும் புழு மருந்தும்

வந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் ஆகும்வரை போகும். ஏன் இத்தனை முறை? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, ஊசி மருந்தையும் எதிரியாக நினைத்து அழித்துவிடும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் விட்டுவிட்டுப் போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நின்றுவிடாதீர்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் ஆனபின். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் ஊசி உண்டு. அது மனிதர்களுக்கும் தொற்றும் நோய் என்பதால் உங்கள் பகுதிக்குத் தேவையா என்று கேளுங்கள். ஓராண்டு கழித்து எல்லாவற்றுக்கும் மறு ஊசி.

பார்வோவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக வந்து, சில நாட்களில் குட்டியைக் கொண்டுபோய்விடும் வைரஸ் அது. மண்ணில் பல மாதம் சாகாமல் கிடக்கும், சாதாரண சோப்பு அதை ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே ஒரு குட்டி பார்வோவில் இறந்த வீடு என்றால், ஊசிகள் முடியாத புதுக் குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள்.

குடற்புழு பல குட்டிகளுக்குப் பிறக்கும்போதே இருக்கும், தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் வரும். இரண்டு வார வயதிலிருந்து எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை மருந்து கொடுப்பது வழக்கம். எடை பார்த்துத்தான் அளவு. இந்தப் புழுக்களில் சில குழந்தைகளுக்கும் தொற்றும். எனவே கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுவது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து, குட்டியின் வயதுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசி முடியாத குட்டி கடித்தோ பிறாண்டியோ இரத்தம் வந்தால், "குட்டிதானே" என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

உலகத்தைக் காட்டுங்கள்

மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டியின் மனம் எதையும் "இதுவும் உலகத்தில் இருப்பதுதான்" என்று ஏற்றுக்கொள்ளும். அப்புறம் அந்தக் கதவு மெல்ல மூடிக்கொள்ளும். 1961இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சில குட்டிகளைப் பதினான்கு வாரம்வரை மனிதப் பழக்கமே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். அவை பிறகு காட்டு விலங்குபோல மனிதர்களைக் கண்டு மிரண்டன.

இங்கே ஒரு சிக்கல். ஊசிகள் முடியப் பதினாறு வாரம் ஆகும், ஆனால் உலகம் காட்ட வேண்டிய காலம் அதற்குள் போய்விடும். வழி இதுதான்: இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். தெரு நாய்கள் திரியும் மண்ணில் கால் படாமல், வண்டிச் சத்தம், கூட்டம், மழை, ஹெல்மெட் போட்டவர், தாடி வைத்தவர், குடை பிடித்தவர், சைக்கிள், சக்கர நாற்காலி என்று பார்க்கட்டும். வீட்டில் வாஷிங் மெஷின் ஓடும்போது சற்றுத் தள்ளி உட்கார்ந்து தின்பண்டம் கொடுங்கள். தினமும் கால் விரல், காது, வாய், வால் எல்லாவற்றையும் தொட்டுப் பழக்குங்கள். பிறகு நகம் வெட்டும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்.

பயந்தால் அருகே தள்ளாதீர்கள், விலகி நில்லுங்கள். தேற்றினால் பயம் கூடிவிடும் என்ற பேச்சில் உண்மையில்லை. தாராளமாகத் தடவிக்கொடுங்கள்.

கடி

குட்டிக்கு 28 பால் பற்கள், ஊசி போல இருக்கும். நான்காம் மாத வாக்கில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு அரிக்கும், கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். இது கோபமில்லை.

பல் தோலில் பட்டதும் விளையாட்டை நிறுத்துங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் துரத்தும், அசையாமல் வையுங்கள். விட்டதும் எழுந்து, இருபது நொடி அந்தப் பக்கமே பார்க்காதீர்கள். திரும்பி வந்து பொம்மையை நீட்டுங்கள். பொம்மையைக் கடித்தால் விளையாட்டு தொடரும், கையைக் கடித்தால் நின்றுபோகும். ஒரு நாளைக்கு ஐம்பது முறைகூடச் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவர் மட்டும் கையால் மல்லுக்கட்டி விளையாடினால் மற்ற நால்வர் பட்ட பாடும் வீண். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் தம்பி.

மாலையில் திடீரென்று வெறிபிடித்தாற்போல் ஓடிக் கடிக்கிறதா? பெரும்பாலும் தூக்கம் போதாததுதான் காரணம். குட்டி ஒரு நாளில் பதினெட்டு முதல் இருபது மணி நேரம் தூங்க வேண்டும். பெட்டியில் விட்டு விளக்கைக் குறைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் குறட்டை விடும்.

பழைய செருப்பைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். பழையதும் புதியதும் அதற்கு ஒரே வாசனை.

சாப்பாடு

நான்கு மாதம்வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு. முதல் சில நாள் பழைய இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே கொடுத்து, புதியதை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பெரிய இனக் குட்டிக்கு எலும்பு வளரட்டும் என்று கால்சியம் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. சரிவிகிதமான குட்டி உணவு சாப்பிடும்போது கூடுதல் கால்சியம் எலும்பைக் கெடுக்கத்தான் செய்யும். வீட்டில் சமைத்தே போடுவதானால் அளவுகளை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பால் குடித்தால் பல குட்டிகளுக்கு வயிற்றால் போகும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கண்டிப்பாகக் கூடாதவை: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மது, சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் சேர்ந்த சூயிங்கம் வகைகள். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். காய்ச்சல் என்று நினைத்து நமக்கான பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், நம்மைவிட அதிகம்.

பிள்ளைகளும் குட்டியும்

சின்னக் குழந்தையையும் குட்டியையும் ஒரே அறையில் தனியாக விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக் கூடாது, தலைக்கு மேலே தூக்கக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். குட்டி துரத்திக் கடித்தால் ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கச் சொல்லுங்கள்.

நாய் திடீரென்று கடிப்பதில்லை. அதற்கு முன் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை தெரியும். அப்புறம்தான் உறுமும். உறுமியதற்காக அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடும், கடிப்பதை நிறுத்தாது. உறுமினால் பிள்ளையை விலக்கிவிட்டு, எது பிடிக்கவில்லை என்று பாருங்கள்.

தனிமையும் கூப்பிட்டால் வருவதும்

ஆள் இருக்கும்போதே தனியாக இருக்கப் பழக்க வேண்டும். பக்கத்து அறைக்கு ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு வாசலுக்குப் போய் வருவது. முதல் வாரம் விடுப்பு எடுத்து இருபத்து நாலு மணி நேரமும் மடியில் வைத்திருந்துவிட்டு, எட்டாம் நாள் எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போவது பெரிய கொடுமை.

"வா" என்று கூப்பிட்டு வந்தால் எப்போதும் நல்லதே நடக்க வேண்டும். செருப்பைக் கடித்ததற்குத் திட்டுவதற்காக "வா" என்று கூப்பிட்டால் அந்தச் சொல் அன்றோடு செத்துவிடும். திட்டியே ஆக வேண்டுமென்றால் நீங்கள் எழுந்து போங்கள். பாடம் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளில் நாலைந்து தடவை. அதற்கு மேல் அதன் மனசு அங்கே இருக்காது.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், ஈறு வெளுத்தால், வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டினால், மூச்சுத் திணறினால், எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். மிகச் சிறிய இனக் குட்டிகள் இரண்டு வேளை சாப்பிடாவிட்டாலே சர்க்கரை குறைந்து துவண்டு விழும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை இன்றே தேடி, ஃப்ரிட்ஜ் கதவுத் தாளில் அந்த நான்கு சொற்களுக்குக் கீழே எழுதிவையுங்கள்.

ஆறு மாதம் நெருங்கும்போது, நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று எல்லாவற்றையும் மறந்ததுபோல் நடக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்த் திசையில் ஓடும். விடலைப் பருவம் அப்படித்தான். வெளியே போனால் நீளக் கயிற்றைக் கழற்றாதீர்கள், தின்பண்டத்தை மறுபடி பையில் போட்டுக்கொள்ளுங்கள், பாடத்தை "வா"விலிருந்து திரும்பத் தொடங்குங்கள். கருத்தடை எப்போது என்று மருத்துவரிடம் கேட்கவும் இதுதான் சமயம். பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் அதற்குள் கிழிந்திருக்கும், அநேகமாகக் குட்டியே கிழித்திருக்கும். புதிதாக எழுதி, கொஞ்சம் உயரத்தில் ஒட்டுங்கள்.